லாரி கேபினில் குளிராமல் தூங்குவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரி டிரைவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நம் ஊர்களைத் தொட்டுப் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை, தெற்கே கன்னியாகுமரியையும் வடக்கே ஸ்ரீநகரையும் தொடுகிறது. புளி, கிரானைட், மாம்பழக் கூழ் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து கிளம்புகிற வண்டி, ஸ்டியரிங்கைப் பெரிதாகத் திருப்பாமலே நாலைந்து நாளில் பனிக்குள் போய் நின்றுவிடும். இன்னொரு பக்கம், ரோஜாப் பெட்டி ஏற்றிய பிக்கப்பிலும் ராயக்கோட்டைத் தக்காளி மண்டி வாசலிலும் விடியும்வரை காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, நம்ம ஊர் குளிருக்கெல்லாம் இவ்வளவு ஏற்பாடு வேணுமா?

தருமபுரி டவுனில் வேண்டாம். ஓசூர் மூவாயிரம் அடி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இடம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் 12, 13 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். வீட்டில் அது சுகமான குளிர். கேபினில் அப்படி இல்லை. சுற்றிலும் தகரம், முன்னால் ஆளுயரக் கண்ணாடி. இன்ஜின் சூடு போனதும் உள்ளே இருக்கிற வெப்பம் வேகமாக வெளியே போய்விடும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் வராது. தூங்காதவன் காலையில் ஸ்டியரிங் பிடிப்பான், அதுதான் என் கவலை.

நாக்பூர் தாண்டினால் கணக்கே மாறும். ஜனவரியில் டெல்லி, பஞ்சாப் பக்கம் 4, 5 டிகிரி சகஜம். காஷ்மீர் வழியில் பனிஹால், காஸிகுண்ட் பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே. டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசிவாக்கில் முடிகிற நாற்பது நாளைக் காஷ்மீரில் சில்லாய் கலான் என்பார்கள். குளிரின் உச்சம் அதுதான்.

மூணு போர்வை போர்த்தியும் முதுகு சில்லுனு இருக்கு. ஏன்?

அடிக்கடி வருகிற கேள்வி இது. பதில் எளிது: போர்வை மூன்றும் மேலே இருக்கிறது, குளிர் கீழே இருந்து வருகிறது.

போர்வை சூடு தராது. ஃபிளாஸ்க் மாதிரி, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிடித்து வைப்பது துணி இல்லை, துணிக்குள் மாட்டியிருக்கிற காற்று. நீங்கள் படுக்கும்போது முதுகுக்கு அடியில் இருக்கிற போர்வையும் சீட்டு மெத்தையும் நசுங்கி, அந்தக் காற்று வெளியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ரெக்சினும் அதன் அடியில் இரும்பும். இரும்பு உடம்புச் சூட்டை விடிய விடிய உறிஞ்சும்.

அதனால் கீழே நசுங்காத பொருள் வேண்டும். யோகா செய்ய விற்கிற ஃபோம் பாய், இரண்டு விரல் கனம் இருந்தால் நல்லது. இல்லையா, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள். ரோஜா ஏற்றுகிறவர்களுக்கு அட்டைக்குப் பஞ்சமே இல்லை. அதன் மேல் கோணிச்சாக்கு, அதன் மேல் மடித்த கம்பளி. மூன்று போர்வை இருந்தால் இரண்டைக் கீழே போட்டு ஒன்றை மேலே போர்த்திப் பாருங்கள். அந்த ராத்திரியே வித்தியாசம் தெரியும்.

பழைய வண்டியில், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் பாடி கட்டிய கேபினாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. கியர் கம்பி, கிளட்ச் பெடல் வருகிற ஓட்டைகளில் ரப்பர் கிழிந்திருக்கும். அந்தக் காற்று நேராகக் காலில் அடிக்கும். புது ரப்பர் போடுங்கள், குளிருக்கு மட்டுமில்லை, இன்ஜின் புகை உள்ளே வராமல் இருக்கவும் அது வேண்டும்.

கம்பளியா, ரஜாயா (பஞ்சடைத்த கனத்த போர்வை), ஸ்லீப்பிங் பேக்கா (உள்ளே நுழைந்து படுக்கிற பை)?

ஓசூர், பெங்களூரு, சேலம் என்று ஓடுகிறவருக்கு நல்ல கம்பளி ஒன்று போதும். நம் பக்கத்துக் குரும்பர்கள் நெய்து வந்த கருப்புக் கம்பளி கிடைத்தால் விடாதீர்கள். உடம்பில் குத்தும்தான், உள்ளே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும். ஆட்டு ரோமம் கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை முழுக்க விட்டுவிடாது. பஞ்சு அப்படி இல்லை, நனைந்தால் அதோடு சரி.

வடக்கே போகிறவர்கள் இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். பானிபட்டும் லூதியானாவும் இதே 44ஆம் எண் சாலையில்தான் இருக்கின்றன. போர்வைக்குப் பானிபட், ஸ்வெட்டருக்கு லூதியானா. ரஜாய் நல்ல சூடு, ஆனால் இடத்தை அடைக்கும், ஒருமுறை நனைந்தால் கேபினில் காயாது.

பனிக்குள் போகிறவருக்கு ஸ்லீப்பிங் பேக்தான் என் ஓட்டு. புரண்டு படுத்தால் விலகாது, காற்று புகாது. வாங்கும்போது அதில் எழுதியிருக்கிற டிகிரியைப் பாருங்கள். நல்ல தயாரிப்பில் இரண்டு எண் இருக்கும். ஒன்று வசதியாகத் தூங்கக்கூடிய குளிர், மற்றது தாங்கக்கூடிய எல்லை. கடைக்காரர் இரண்டாவதைக் காட்டித்தான் விற்பார். நீங்கள் முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எதை உடுத்திக்கொண்டு படுப்பது?

பகலில் லோடு ஏற்றி வியர்த்த பனியனோடு படுக்கவே கூடாது. குளிரப் போவதே அந்த ஈரத்தால்தான். படுக்க என்று தனியாக ஒரு ஜோடி, காய்ந்தது, ஒரு பையில் இருக்கட்டும். சாக்ஸும் அப்படித்தான். இறுக்கமான சாக்ஸை இரண்டு அடுக்காகப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும், தொளதொளவென்று ஒன்று போதும். குரங்கு குல்லாவைப் பார்த்துக் கிளீனர் சிரித்தால் சிரிக்கட்டும், போட்டுக்கொள்ளுங்கள். முகத்தைப் போர்வைக்குள் புதைக்க வேண்டாம். மூச்சின் ஈரத்தில் போர்வை நனைந்துவிடும்.

ஜன்னலை முழுக்க மூடிவிடலாமா?

கூடாது. இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சில் கணிசமான தண்ணீர் இருக்கிறது. மூடிய கேபினில் அது கண்ணாடியிலும் கூரைத் தகரத்திலும் வியர்த்துச் சொட்டும். காலையில் போர்வை ஈரம், மறுநாள் ராத்திரி இரட்டிப்புக் குளிர். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், எதிர்ப்பக்கம் அரை விரல். முன் கண்ணாடிக்கு உள்பக்கம் அட்டையோ தெர்மாகோலோ அளவெடுத்து வெட்டி வைத்தால், திறந்த ஜன்னலில் போகிறதைவிட அதிகமாக மிச்சம் பிடிக்கலாம். நனைந்த துண்டு, ஜெர்கினை வெளியே கண்ணாடிக் கம்பியில் தொங்கவிடுங்கள்.

பழைய டிரைவர்கள் சட்டியில் கரி போட்டுக் கேபினுக்குள் வைப்பார்களே. கரி நன்றாகப் பிடித்தபின் புகையே வராதே?

புகை வராததுதான் ஆபத்து. கனிந்த கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டை கமறாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புக்குள் ஆக்சிஜன் போகாது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அது எதுவும் தெரியாது, எழுந்திருக்கவே மாட்டார். வட மாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறைகளிலும் வண்டிகளிலும் இப்படிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். லாரி கேபின் ஒரு சின்ன அறைகூட இல்லை, அதில் நிரம்ப அதிக நேரம் ஆகாது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. படுக்கும் முன் அணைத்துவிடுவேன் என்பார்கள். அசதியில் அணைக்காமலே கண் அயர்ந்தவர்கள்தான் அதிகம். காஷ்மீரில் உடைக்குள் வைத்துக்கொள்கிற காங்கிரிச் சட்டி, சின்ன கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாவற்றுக்கும் இதே பதில். கேபினுக்குள் நெருப்பு எரியக்கூடாது. வெளியே தீ மூட்டிக் காயுங்கள், அணைத்துவிட்டு வந்து படுங்கள்.

ஒருவர் இப்படி மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால், முதலில் கதவுகளைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்கு இழுங்கள். 108க்கு அடித்து, கரிப்புகை என்று சொல்லுங்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார், சரியாகிவிட்டது என்று விடாதீர்கள். வெறும் காற்றை மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும்.

கொசுவர்த்தி?

அதுவும் மூடிய கேபினில் வேண்டாம். வலை கட்டுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்கலாமா?

படுக்கும் முன் கால் மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டுக் கேபினைச் சூடாக்கி, அணைத்துவிட்டுப் படுங்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹீட்டருக்குச் சூடு வருவது இன்ஜின் கூலன்ட்டிலிருந்து, அதனால் தனியாக டீசல் செலவும் பெரிதாக இல்லை. விடிய விடிய ஓடவிடுவது வேறு கதை. ஐடிலில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் போகும், ராத்திரி முழுக்க என்றால் ஓனருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, பனி குவிந்து புகைக்குழாயை அடைத்தாலோ, மேலே சொன்ன அதே வாயு கேபினுக்குள் வரும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கிற நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. புது வண்டிக்காரர்கள் அதை நம்பிக் குளிர்காலத்துக்கு ஒன்றும் வாங்காமல் இருக்க வேண்டாம். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

டீசல் ஹீட்டர், கரன்ட் போர்வை எல்லாம் எப்படி?

பார்க்கிங் ஹீட்டர் என்று விற்கிற டீசல் ஹீட்டர் நல்ல பொருள். இன்ஜின் ஓடாமலே வேலை செய்யும், சின்ன ரகம் மணிக்குக் கால் லிட்டருக்குள்தான் குடிக்கும். எரிவது ஹீட்டருக்குள்ளேயே மூடிய ஒரு அறையில், புகை போவது தனிக் குழாயில் வண்டிக்கு வெளியே, உள்ளே வருவது சூடான காற்று மட்டும். பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் புகைக்குழாய் கேபின் தரைக்கு அடியிலேயே முடிந்தால், வாங்கியதற்கு வாங்காமலே இருந்திருக்கலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

கரன்ட் போர்வை வாங்கினால் வோல்ட்டைப் பாருங்கள். பெரிய லாரி 24 வோல்ட், பிக்கப் 12 வோல்ட். 12 வோல்ட் போர்வையை 24இல் செருகினால் கருகிவிடும். பேட்டரியையும் யோசிக்க வேண்டும். பூஜ்யம் டிகிரியில் பேட்டரியின் தெம்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றால், இதமாகத் தூங்கியதை நினைத்துக்கொண்டு தள்ள வேண்டியதுதான்.

செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்க.

தாபாவில் வெந்நீர் கேளுங்கள். மூடி இறுகுகிற ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, உடம்பு முழுக்கச் சூடு பரவும். பின்னிரவில் அதைக் காலடிக்குத் தள்ளிவிடலாம். வாட்டர் பாட்டில் கம்பெனிகளின் மெல்லிய பிளாஸ்டிக்கில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கி ஒழுகும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குப் பாதத்தில் சுரணை குறைவாக இருக்கும், சுட்டாலும் தெரியாது. அவர்கள் காலடியில் வைக்கவே வேண்டாம்.

ஒரு கட்டிங் போட்டா குளிர் தெரியாதே?

குளிர் தெரியாது, அதுதான் கெடுதல். சாராயம் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக்குழாய்களை விரிக்கும், உள்சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடும். சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உடம்பு நிஜத்தில் ஆறிக்கொண்டிருக்கும். காலையில் ஊதச் சொன்னால் வேறு வம்பு. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் சட்டம் விடுகிற அளவு.

சாப்பாடு?

பசியோடு படுத்தால் குளிரும். உடம்பு சூடு உண்டாக்க உள்ளே ஏதாவது வேண்டும். ராகிக் களி, கறிக்குழம்பு என்று நம் பக்கம் சாப்பிடுகிறது இதற்கு ஏற்ற சாப்பாடு. வடக்கே போனால் ரொட்டியும் தாலும் நெய் விட்டு. படுக்கும் முன் கடலை மிட்டாய் ஒன்று. தண்ணீரைக் குறைக்காதீர்கள், டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி சிறுநீர் முட்டினால் குளிருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு படுக்க வேண்டாம். எழுந்து போய்விட்டு வந்தால் தூக்கம் பிடிக்கும், அடக்கினால் விடியும்வரை புரள வேண்டியதுதான்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பிக்கப் பின்னாலேயே படுக்கிறார்களாம், வீடியோவில் பார்த்தேன். நாங்களும் அஞ்செட்டிப் பக்கம் அப்படிப் போகலாமா?

படுக்கலாம். வேட்டையாட முடியாது. அங்கே லைசென்ஸ், சீசன் என்று வைத்து அனுமதிக்கிறார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலை அடித்தாலும் வழக்கு, ஜெயில், வண்டியும் பறிமுதல். நம் இரண்டு மாவட்டக் காடுகளில் ஒரு பெரிய பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று சரணாலயமாகிவிட்டது. தெற்கு 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இரவு வண்டியை நிறுத்தினாலே வனத்துறை கேட்கும்.

அந்த வேட்டைக்காரர்கள் செய்வதில் நமக்கு ஆகக்கூடியது உண்டு. அவர்கள் பிக்கப் பின்பாடிக்கு மூடி போட்டு, தரையில் கனமான ஃபோம் விரித்து, ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கிறார்கள். சூட்டைவிடக் காய்ந்திருப்பதற்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். நீங்கள் தக்காளி கிரேட் இறக்கிய பிக்கப்பில் படுப்பதாக இருந்தால், தார்ப்பாயைக் கூரைபோலக் கம்பியில் கட்டுங்கள். மேலே நேராகப் போர்த்திக்கொண்டால் மூச்சின் ஈரம் அடியில் நின்று விடியும்போது நனைத்துவிடும். தரையில் முன்னால் ஏற்றிய லோடின் ஈரம் இருக்கும், அட்டை இரண்டு அடுக்கு போடுங்கள். மூடிய கன்டெய்னருக்குள்ளும் ஃப்ரீசர் வண்டிக்குள்ளும் படுக்கவே கூடாது. லாரிக்கு அடியிலும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

தொப்பூர் கணவாயில் ஓரங்கட்டித் தூங்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வருகிற வண்டிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், பனி இருந்தால் இன்னும் மோசம். லாரி நிற்கத் தனியாக விட்ட இடம், டோல்கேட்டைத் தாண்டி இருக்கிற பார்க்கிங், பெட்ரோல் பங்க், இவைதான் சரி. சுவரோ இன்னொரு லாரியோ காற்றை மறைக்கிற மாதிரி நிறுத்துங்கள், முகப்பு கிழக்கே பார்த்திருந்தால் காலை வெயில் கண்ணாடியில் விழும். பள்ளத்தில் நிறுத்த வேண்டாம், குளிர்காற்று கனமானது, அங்கேதான் வந்து தேங்கும்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும்போது பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் வந்துவிடும், தை வரை சுற்றும். அந்தச் சாலைகளில் ராத்திரி நிற்காமல் ஊருக்குள் வந்து நிறுத்துங்கள்.

பனியில் ரோடு மூடி இரண்டு நாள் மாட்டிக்கொண்டால்?

வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். இரண்டு நாளுக்கு உணவும் தண்ணீரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பக்கத்து வண்டிக்காரரும் நீங்களும் ஒரே கேபினில் படுத்தால் சூடு கூடும். நெடுஞ்சாலை உதவி எண் 1033. டீசல் டேங்க் எப்போதும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், ஜம்முவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் டீசலில் மெழுகு கட்டிக் குழாயை அடைக்கும். அப்போது டேங்கின் அடியில் நெருப்பு மூட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். பிஎஸ் 6 வண்டியில் புகையைச் சுத்தமாக்க ஊற்றுகிற ஆட்புளூ திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும், ஆனால் அதனால் வண்டி கெட்டுப்போகாது, இளகினதும் சரியாகிவிடும்.

கிளீனர் பையன் நடுங்குகிறான். எப்போது பயப்பட வேண்டும்?

நடுங்குகிறவரை உடம்பு போராடுகிறது. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, பட்டன் போட முடியாமல் கை தடுமாறி, மந்தமாக உட்கார்ந்தால் அப்போது பயப்படுங்கள். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, நெஞ்சு, அக்குள், தொடை இடுக்கில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வையுங்கள். முழு நினைவு இருந்தால் சர்க்கரை போட்ட டீ. கை காலைத் தேய்க்கக்கூடாது. பொறுத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காலையில் எழுந்ததும் வண்டியை எடுத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். விரல் மரத்திருந்தால் பிரேக்கை உணர முடியாது, இறங்கி நாலு நடை நடங்கள். பிரேக்குக்கு ஏர் ஏறும்வரை இன்ஜின் ஓடட்டும், அந்த நேரத்தில் டயரையும் தார்ப்பாய்க் கயிற்றையும் பாருங்கள், குளிரில் இரண்டும் தளர்ந்திருக்கும். படுக்கையை உதறி வெயில் படுகிற இடத்தில் போடுங்கள், சுருட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே இருக்கும். பனி படிந்த முன் கண்ணாடியில் வெந்நீர் ஊற்ற வேண்டாம், கீறல் இருந்தால் அப்படியே பிளந்துவிடும். சாதாரணத் தண்ணீரும் துணியும் போதும், இறுகி ஒட்டியிருந்தால் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள்.